பெயர் எழுதிய கட்டி

சொக்கம்மாள் தன் நோயில் ஒரு துண்டை உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிளாஸ்டிக் பாத்திரக் கடையில் கொடுத்து, குப்பையில் போட்டுவிடச் சொல்லிவிட்டு, காவாந்தண்டலம் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அது அவளுக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி மெழுகில் பதித்து வைப்பது பரிசோதனைக் கூடத்துக்காரர்களின் வழக்கம். அதற்கு 'பிளாக்' என்று பெயர். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. தையல் பிரிக்கச் செங்கல்பட்டுக்குப் போன அன்று, அங்கிருந்த நர்ஸ் பெண் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிப்போர்ட்டுகளோடு நீட்டினாள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொக்கம்மாள் அந்தப் பையை மடியில் வைக்காமல் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தாள். வெட்டி எறிந்ததைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதாவது. அதுவும் வீட்டில் மகள் திவ்யா ஏழு மாதம். தலைப்பிள்ளை. வளைகாப்பு முடிந்து அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி புழங்குகிற வீட்டில் இந்தச் சனியனை எந்த அலமாரியில் வைப்பது? வீட்டுக்காரர் சடையப்பனிடம் போனில் கேட்டாள். வாசப்படிக்குள்ளேயே வர வேண்டாம் என்றார் அவர். அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் இவள் கொண்டு போயிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

ஆக, உத்திரமேரூரில் பஸ் மாறும்போது அந்தக் கடையில் ஏறினாள். கடைக்காரியின் முழுப்பெயர் சித்தி ஜுனைதா. இருபது வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது, யாருக்கோ சித்தி முறை போலிருக்கிறது என்றுதான் சொக்கம்மாள் நினைத்தாள். அது பெயரிலேயே சேர்ந்தது என்று தெரிய ஒரு வாரமாயிற்று. தன்னைவிட ஆறேழு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். சந்தைக்குக் கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவருகிற நாளெல்லாம் காலிக் கூடைகளை அந்தக் கடையில்தான் போட்டு வைப்பாள், அங்கேதான் தண்ணீர் குடிப்பாள், மருமகன் வீட்டார் சங்கதிகளை அங்கேதான் கொட்டுவாள். ஜுனைதாவின் கணவர் சனாவுல்லா இறந்து ஆறு வருஷமாகிறது. மகன் அன்வரை வைத்துக்கொண்டு கடையை நடத்துகிறாள். வாய் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளர்களே பயந்து பயந்துதான் பேரம் பேசுவார்கள்.

உறைக்குள் இருப்பது இன்னதென்று கேட்டதும் ஜுனைதா கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். சொக்கம்மாளும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, காஞ்சிபுரத்தில் புற்றுநோய் மருத்துவர் வேதகிரியின் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் புத்திசாலித்தனத்தின் லட்சணம் தெரிந்தது.

அவர் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அக்குளில் நெறிகட்டி எதிலும் நோய் பரவவில்லை, கட்டியும் சின்னது, மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை என்றார். ஆனால் வெறும் மாத்திரை போதுமா, கீமோவும் கொடுக்க வேண்டுமா என்பது இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. ஓர் ஆராய்ச்சிக்காக அதை இப்போது இலவசமாகவே செய்கிறார்கள். பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அது என்ன பரிசோதனை என்று சடையப்பன் கேட்டார். வேதகிரி கொஞ்சம் யோசித்தார்.

"உங்க ஊர்ல கிராம சபைக் கூட்டம் நடக்கும் இல்லையா? எல்லாரும்தான் வந்து உட்கார்ந்திருப்பாங்க. ஆனா யார் சத்தம் போடறாங்க, யார் கம்முனு இருக்காங்கன்னு பார்த்தாலே கூட்டம் எப்படி முடியும்னு சொல்லிடலாம். ஜீனும் அப்படித்தான். எல்லா ஜீனும் உடம்புல எல்லா இடத்துலயும் இருக்கு. இந்தக் கட்டிக்குள்ள எது சத்தம் போடுது, எது அடங்கியிருக்குன்னு இருபத்தோரு ஜீனை மட்டும் கவனிக்கற டெஸ்ட் இது. பார்த்துட்டு மார்க் மாதிரி ஒரு நம்பர் குடுப்பாங்க. நோய் திரும்ப வருமா, கீமோவால பிரயோஜனம் உண்டான்னு அதுல தெரிஞ்சுடும்."

சொக்கம்மாளுக்கு நன்றாகவே புரிந்தது. போன அக்டோபர் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி விஷயமாக மூன்றே மூன்று பேர் போட்ட சத்தத்தில் தீர்மானப் புத்தகமே இரண்டாகக் கிழிந்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

"அந்த பிளாக் எங்க இருக்கு? அதுலதான் டெஸ்ட் பண்ணணும்" என்றார் வேதகிரி.

சடையப்பன் தரையைப் பார்த்தார். சொக்கம்மாள் சடையப்பனைப் பார்த்தாள். யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும், அவளே சொன்னாள். வேதகிரி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு, வேறு துண்டு எடுக்க உடம்பில் இப்போது கட்டி இல்லை, பார்க்க வழியில்லாதபோது பாதுகாப்புக்குக் கீமோ கொடுத்துவிடுவதுதான் நல்லது, அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

கீமோ என்ற சொல்லைச் சொக்கம்மாள் புதிதாகக் கேட்கவில்லை. அவளுடைய அண்ணி தாயாரம்மாளுக்கு வேறு இடத்தில் புற்று வந்து, கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் இவள்தான். வாயெல்லாம் வெந்துபோய், நீராகாரம் இறங்காமல், விரல் நகம் கறுத்து அண்ணி கிடந்த நான்கு மாதத்தை இவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கலாம், அண்ணி பிழைக்கவில்லை. சாமி சத்தியமாக எனக்கு அது வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே முடிவைத் திரும்பவும் எடுத்தாள். அடுத்த வாரம் போகப்போவதில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. திவ்யாவுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் உடம்பு தாங்கினால் போதும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உத்திரமேரூருக்குப் போனாள். பிளாக்கைத் தேடிப் போகவில்லை. குப்பை வண்டி தினம் வருகிற தெருவில் ஒரு மாதத்துக்கு முந்தைய குப்பையை எங்கே தேடுவது? கூடை இரண்டு கிடந்தது, எடுத்து வரலாம் என்றுதான் போனாள். ஜுனைதா முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. சொல்லி முடித்தாள், இனி ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை என்பது உட்பட.

ஜுனைதா கையிலிருந்த விளக்குமாற்றை ஓரமாகச் சாத்தினாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே போனவள் நீலமூடி போட்ட ஒரு டப்பாவைக் கொண்டுவந்து சொக்கம்மாள் முன்னால் வைத்தாள். மூடியின் நான்கு பக்கமும் அழுத்திப் பூட்டுகிற டப்பா, கடையிலேயே விலை கூடின ரகம். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்கு நடுவே அந்த உறை.

சொக்கம்மாள் பஞ்சை விலக்கிப் பார்த்தாள். அதேதான்.

"குப்பையில தானேக்கா போடச் சொன்னேன்?"

"சொன்ன. போடத்தான் எடுத்துக்கினு போனேன். திருப்பிப் பாத்தா உன் பேரு எழுதி கீது. பேரு எழுதினதைக் குப்பையில எப்படிம்மா போடறது?"

ஜுனைதா வீட்டில் எழுத்துள்ள காகிதத்தைக் காலில் படவிட மாட்டார்கள். ஓதுகிற புத்தகத்தின் கிழிந்த தாள் என்றால் குப்பைக்குப் போகாது, யார் காலும் படாத இடத்தில் மண்ணில் புதைப்பார்கள். சின்ன வயதிலேயே வந்த அந்தப் பழக்கம் அவளிடம் வளர்ந்து வளர்ந்து, ரேஷன் அட்டையின் நகல், கல்யாணப் பத்திரிகை, காலாவதியான ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதையும் போட முடியாமல் ஆகிவிட்டது. அன்வர் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். அந்த உறைமேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவன்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னானாம். சொக்கம்மாள், பெண், வயது ஐம்பத்திரண்டு.

"மெழுகு வேற. கடை தகரக் கூரை, சித்திரை வெயிலு. உருகிப் பூடப்போவுதுன்னு உள்ள ஜம்ஜம் தண்ணி பக்கத்துல வெச்சேன். வூட்டுலியே அந்த மாடம்தான் ஜில்லுனு கீது" என்றாள் ஜுனைதா.

சனாவுல்லா மக்காவிலிருந்து கொண்டுவந்த புனிதத் தண்ணீர் அது. ஒரு சின்ன கேனில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால்தான் ஒரு சொட்டு எடுப்பார்கள் என்று ஜுனைதாவே முன்பு சொல்லியிருக்கிறாள். தன் வீட்டு வாசப்படி ஏறக் கூடாதென்று தான் கழித்துவிட்டு வந்த பொருள் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மாதம் இருந்திருக்கிறது. சொக்கம்மாள் அழுதாள். மார்பை எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வாளி வாங்க வந்த ஓர் ஆள் விலை கேட்காமலே திரும்பிப் போனார்.

அன்றைக்கே அன்வர் வண்டியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய் அந்த டப்பாவை வேதகிரியின் கையிலேயே கொடுத்து, அம்மா காப்பாற்றி வைத்த கதையையும் சொல்லிவிட்டு வந்தான். மெழுகு ஒரு கீறல்கூட இல்லாமல் இருப்பதாக அவர் சொன்னாராம்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திவ்யாவுக்கு நாள் நெருங்கிவிட்ட சமயம், சொக்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்துவிட்டது, நூற்றுக்குப் பதினொன்று, திங்கட்கிழமை வந்து டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

பதினொன்று. சொக்கம்மாள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். கணக்கில் முப்பத்தொன்று வாங்கி, நான்கு மார்க்கில் போய், அதோடு கழனிக்கு வந்தவள். முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ் என்பது அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. முப்பத்தொன்றுக்கே வாழ்க்கை திசை மாறிப்போயிற்று, பதினொன்று எடுத்தவள் எங்கே தேறுவது? உள்ளே உட்கார்ந்திருந்த இருபத்தோரு பேரும் அவளைக் கைவிட்டுவிட்டார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூடையோடு போய் ஜுனைதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். இவ்வளவு பாடுபட்டுப் பாதுகாத்துக் கொடுத்தவளுக்குச் சொல்லாமல் இருப்பது துரோகம் என்று தோன்றியது.

ஜுனைதாவுக்கும் மார்க் என்றால் முப்பத்தைந்துதான். அவள் முகமும் சுருங்கிவிட்டது. ஆனால் நாளைக்குப் போகப்போவதில்லை என்று சொக்கம்மாள் சொன்னதும் பழைய வாய் திரும்பி வந்தது.

"பேப்பர் திருத்தினவரு வாயால கேட்டியா? யாரோ ஒரு பொண்ணு போன்ல சொல்லிச்சாம், இவ உடனே படுத்துக்குவாளாம். நாளைக்குக் காலையில நான் வரேன். பெயிலா பாஸான்னு அந்தாளு எதுருல உக்காந்து கேட்டுக்கினு, அப்பறம் நீ அழு. நானும் அழுவுறேன்."

திங்கட்கிழமை கடையை அன்வரிடம் விட்டுவிட்டு, ஜுனைதா புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரிசல்ட் வந்ததா என்று கேட்டு வருவதாகச் சொக்கம்மாள் வீட்டில் சொல்லியிருந்தாள்; திவ்யாவை விட்டு வர முடியாமல் சடையப்பன் ஊரிலேயே இருந்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற நர்ஸ் தலை நிமிராமல், கூட வந்திருப்பது யார் என்று கேட்டாள். சித்தி ஜுனைதா என்றாள் சொக்கம்மாள். பெயர் என்ற இடத்தில் ஜுனைதா என்றும், உறவு என்ற இடத்தில் சித்தி என்றும் நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை.

வேதகிரி உள்ளே கூப்பிட்டார். சொக்கம்மாள் உட்காரும் முன்பே, நான் பெயில் ஆகிவிட்டேன் சார், எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. முப்பத்தைந்து, பதினொன்று, கணக்குப் பாடம் எல்லாம் கேட்ட பிறகு விளங்கியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"தப்பு என் பேர்லதான். மார்க்குன்னு நான் சொல்லியிருக்கவே கூடாது. இது யாரு எவ்வளவு சத்தம் போடறாங்கங்கற கணக்கும்மா. கம்மியா இருந்தாத்தான் நல்லது. பதினொன்னுன்னா உங்க கூட்டத்துல எல்லாரும் டீயைக் குடிச்சிட்டு, கையெழுத்தைப் போட்டுட்டு, அமைதியா வீட்டுக்குப் போயிட்டாங்க."

சொக்கம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீமோ வேண்டாம் என்றார். கொடுத்தாலும் இந்த வகைக் கட்டியில் அதனால் கூடுதலாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம், ஒரு நாள் விடாமல். அப்படிச் சாப்பிட்டால் இவளைப் போன்ற நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வேறு இடத்தில் திரும்ப வர வாய்ப்பு. அந்த இரண்டு மூன்றில் நீங்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, ஆனால் எனக்குப் பயம் இல்லை என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். "மீதி மெழுகு திரும்ப வரும். தயவுசெஞ்சு இந்தத் தடவை தூக்கிப் போட்டுடாதீங்க. பத்து வருஷத்துக்குப் பத்திரமா வைங்க. பின்னாடி எப்பவாவது தேவைப்படும்."

பத்து வருஷம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஊரில் எல்லாரும் தைரியமாக இரு, தைரியமாக இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் அவளிடம் வருஷக் கணக்கில் பேசியதில்லை. பத்து வருஷம் கழித்துத் தேவைப்படுகிற ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்றால், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்றுதானே அர்த்தம். சொக்கம்மாள் எழுந்து நின்று கும்பிட்டாள். வேதகிரி அந்தக் கும்பிடை ஜுனைதா பக்கம் கை காட்டித் திருப்பிவிட்டார். ஜுனைதா கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடினாள். கைக்குட்டை அவள் கையிலேயேதான் இருந்தது.

அடுத்த வாரம் திவ்யாவுக்குச் சுகப்பிரசவம். பெண். அதற்குப் பத்து நாள் கழித்து, மீதி மெழுகு அதே உறையில், அதே நீலமூடி டப்பாவில் அன்வர் மூலமாகக் கடைக்கு வந்து சேர்ந்தது. சொக்கம்மாள் நான்கு கட்டு அரைக்கீரையும் பேத்தி பிறந்ததற்கு மிட்டாயும் எடுத்துக்கொண்டு போனாள். ஜுனைதா டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"உங்கிட்டியே இருக்கட்டும்க்கா. அந்த மாடத்துலியே வெச்சிடு" என்றாள் சொக்கம்மாள்.

"பத்து வருசம் நான் கீறனோ இல்லியோ. டாக்டரு உன்னை நம்பித்தானே சொன்னாரு. உன்னுதை நீ எடுத்துக்கினு போய் உன் வூட்டுல வெய்யி."

"மறுபடியும் எங்கியாச்சும் கடாசிடுவேனோன்னு பயமா கீதுக்கா."

அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். இன்றைக்கு இருக்கிற மனசு என்றைக்கும் இருக்காது. ஒரு நாள் அலமாரியைத் திறக்கும்போது திரும்பவும் அருவருப்பு வரும், ஒரு நாள் பயம் வரும், யாராவது வந்து இதெல்லாம் வீட்டில் இருக்கலாமா என்பார்கள். சொக்கம்மாள் கொஞ்ச நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைத் திறந்து உறையை வெளியே எடுத்து, கல்லாப்பெட்டிமேல் கிடந்த பேனாவையும் எடுத்தாள். உறையின் மேல் தன் பெயருக்குக் கீழே விரலளவு இடம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்தாம் வகுப்புக் கையெழுத்தில் மூன்று எழுத்தை நிறுத்தி நிதானமாக எழுதினாள். சித்தி.

"இன்னா எழுதின?" என்றாள் ஜுனைதா.

"உன் பேரு. உன் பேரு எழுதினதை நான் எப்படிக்கா குப்பையில போடுவேன்?"

ஜுனைதா உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பாதிப் பேருதான் கீது" என்றாள் கடைசியில்.

"மீதிக்கு இடம் இல்லக்கா."

காவாந்தண்டலம் பஸ் ஆரன் அடித்தது. சொக்கம்மாள் காலிக் கூடைகளை வழக்கம்போலக் கடையிலேயே விட்டுவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.